ஆம்பூரிலிருந்து திமிரிக்கு: அக்காவின் இன்டர்வியூவும் ஒன்பது சீட்டுகளும்

போன மே மாதம் ஒரு வியாழக்கிழமை, அக்கா கிரேஸுடன் ஆம்பூரிலிருந்து திமிரிப் பக்கம் உள்ள ஒரு காலேஜுக்குப் போய்வந்தேன். விரிவுரையாளர் வேலைக்கு இன்டர்வியூ. அக்காவுக்குத்தான், நான் துணை. இந்த மாதிரி வேலைக்கு அலைகிறவர்களும் அவர்களோடு அலைகிற தங்கைகளும் படித்தால் உதவும் என்று எழுதுகிறேன். காலேஜ் பெயரை விட்டுவிடுகிறேன். பேசச் சொன்னால் எனக்கு வராது, எழுதினால் கொஞ்சம் வரும்.

அந்தக் காலேஜில் சூரிய ஒளி, காற்று, சாண எரிவாயு, பருவநிலை மாற்றம் எல்லாம் சேர்த்துப் புதிதாக ஒரு துறை தொடங்கினார்கள். பேப்பரில் விளம்பரம் வந்தது. அக்கா அதே படிப்பில் எம்.டெக். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள், ஷூ கம்பெனியில் மெஷினில் உட்காருகிறேன். அப்பா தவறியபோது அக்கா காலேஜில் மூன்றாம் வருடம். ஒருத்தியைத்தான் படிக்கவைக்க முடியும் என்றால் பாதி தூரம் போனவளைத்தான் அனுப்புவார்கள். நியாயம்தான். நியாயமாக இருக்கிறது என்பதற்காக எரிச்சல் குறைந்துவிடுவதில்லை.

இது அக்காவுக்கு மூன்றாவது இன்டர்வியூ. இதுவும் கிடைக்காவிட்டால் எங்கள் கம்பெனி ஆபீசிலேயே சேர்ந்துவிடுவதாக அம்மாவிடம் சொல்லியிருந்தாள். அவளும் காலையில் என்னோடு அதே கேட்டில் கார்டு காட்டி நுழைவாள் என்று நினைத்தால், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு நன்றாக இருந்தது.

ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் காலை 6.10 வண்டி. வேலூருக்குத் தலைக்குப் பதினேழு ரூபாய், சுமார் ஐம்பது கிலோமீட்டர். நாலு வழிச் சாலை வேலை நடந்ததால் மாதனூர் தாண்டி வண்டி ஊர்ந்தது. அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து வாய்க்குள்ளேயே ஏதோ சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள். அவள் சர்டிபிகேட் பை என் மடியில். வேலூர் வந்து சேர 7.40. அங்கிருந்து ஆற்காடு எட்டு ரூபாய், முக்கால் மணி நேரம். ஆற்காடு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் இட்லி சூடாக இருந்தது. அக்கா ஒன்றோடு நிறுத்திக்கொண்டாள், நான் நாலு சாப்பிட்டேன்.

ஆற்காட்டிலிருந்து திமிரிக்குப் பத்து கிலோமீட்டர், டவுன் பஸ் நாலு ரூபாய். திமிரியில் இறங்கிக் காலேஜுக்கு ஷேர் ஆட்டோ, தலைக்கு ஐந்து. ஆட்டோக்காரர் அக்காவின் புடவையையும் பையையும் பார்த்துவிட்டு இன்னா சப்ஜெக்ட் என்று கேட்டார். கரண்டு தயாரிக்கிற சப்ஜெக்ட் என்றாள்.

"அப்டியா மேடம்? எங்க ஊர்ல தெனம் ரெண்டு மணி நேரம் புடுங்கிட்றான். பேஜாரா கீது. மொதல்ல அதுக்கு ஒரு வழி பண்ணுங்க."

அக்கா சிரித்தாள். அவர் என் பக்கம் திரும்பி, "நீ இன்னாம்மா படிக்கிற?" என்றார். நான் சாலையைப் பார்த்தேன். "அவ வேலைக்குப் போறாண்ணா," என்று அக்காதான் பதில் சொன்னாள்.

9.25க்கு உள்ளே போய்விட்டோம். வேப்பமரம், புதுப் பெயின்ட், அறை வாசல்களில் பெயர்ப்பலகைகள். ஒரு பலகை எழுத்தில்லாமல் இருந்தது. அக்கா அதைப் பார்த்தாள். அவள் பார்த்ததை நானும் பார்த்தேன்.

வந்திருந்தவர்கள் நாலு பேர். ஆளுக்குப் பத்து நிமிடம் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். ஆனால் லீவு என்பதால் மாணவர்கள் இல்லை. வயதான புரொபசர் ஒருவர் வெளியே வந்து, காலி பெஞ்சுக்கு யாரும் பாடம் நடத்த முடியாது, துணைக்கு வந்தவங்களே உள்ள வந்து உக்காருங்க என்றார். ஆபீஸ் ஆட்கள் நாலு பேர், துணைக்கு வந்தவர்கள் ஐந்து பேர். நெமிலியிலிருந்து மகனோடு வந்த ஒரு பெரியவர் உட்கார்ந்ததும் தூங்கிவிட்டார். நான் மூன்றாவது பெஞ்சு. நாலு வருடம் கழித்து ஒரு பெஞ்சில் உட்கார்கிறேன், கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

நெமிலிக்காரர் மகன் முதலில் காற்றாலை பற்றிப் பேசினார். இரண்டாவது சென்னையிலிருந்து வந்த கண்ணாடி போட்ட சார். முழுக்க இங்கிலீஷ், எனக்கு 'சோலார்' என்ற சொல் மட்டும் கிடைத்தது. மூன்றாவது அக்கா.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அக்காவின் ப்ராஜெக்ட், தோல் பதனிடும் ஷாப்பில் தோலின் உள்பக்கம் சீவும்போது விழுகிற சவ்வைப் புளிக்கவைத்து அடுப்பெரிக்கும் வாயு எடுப்பது. அதற்கான டிரம் இருந்தது எங்கள் வீட்டுப் பின்பக்கம். அக்கா சென்னை ஹாஸ்டலில். தினமும் ஷிப்டுக்குப் போகுமுன் சவ்வைக் கரைத்து ஊற்றி, வாயு சேர்ந்து டிரம் எவ்வளவு மேலே ஏறியது என்று நோட்டில் குறித்தது நான். முதல் மாதம் ஏறவே இல்லை. ஒரு ஞாயிறு, போட்டி கழுவிக்கொண்டிருந்தேன். ஆட்டுக் குடலை மூன்று தண்ணி அலசுகிற மாதிரி இந்தச் சவ்வையும் அலசினால் தோலை ஊறவைத்த சுண்ணாம்பு அதிலிருந்து போகுமே என்று தோன்றியது. செய்தேன். பத்தாம் நாள் டிரம் ஏறியது. அக்கா புத்தகமாகக் கட்டிய ரிப்போர்ட்டில் நன்றி சொல்லும் பக்கத்தில் கைடு பெயர் இருக்கிறது, ஹாஸ்டல் தோழிகள் பெயர் இருக்கிறது. நான் 'குடும்பத்தார்' என்பதற்குள் இருக்கிறேன்.

அக்கா தமிழில் தொடங்கினாள். "வீட்ல போட்டி எப்டி கழுவுவீங்க? மூணு தண்ணி, இல்லியா? இந்தச் சவ்வுக்கும் அதேதான். அலசாம போட்டா வாயு உண்டாக்குற கிருமி எல்லாத்தையும் சுண்ணாம்பு சாவடிச்சிடும். இதை நான் ரெண்டு மாசம் கஷ்டப்பட்டுக் கண்டுபுடிச்சேன்."

எல்லோரும் சிரித்தார்கள். ஆபீஸ் ஆட்களோடு உட்கார்ந்திருந்த டீ கொடுக்கும் அம்மா தலையாட்டிக்கொண்டே கேட்டார். புரொபசர் கூட எழுதிக்கொண்டார். 'நான்' என்றாளே, அதற்கப்புறம் அவள் சொன்ன எதுவும் என் காதில் ஏறவில்லை. அவள் நன்றாக நடத்தினாள், அது வேறு.

நாலாவது ஆளும் முடித்தபின் ஆளுக்கொரு துண்டுச் சீட்டு கொடுத்தார்கள். யார் நடத்தியது நன்றாகப் புரிந்ததோ அவர் நம்பரை மட்டும் எழுத வேண்டும், பெயர் வேண்டாம். இரண்டு என்று எழுதினேன். ஒரு வார்த்தை கூடப் புரியாத அந்தச் சென்னை சாருக்கு.

அப்புறம் அறைக்குள் தனித்தனியாகக் கேள்வி. முடிய 2.15 ஆனது. 3.05க்குத் திமிரியில் பஸ். ஆற்காட்டில் அக்கா கால் கிலோ மக்கன் பேடா வாங்கி முதல் துண்டை என் வாயில் வைத்தாள்.

"எஸ்தரு, அந்த டீ அம்மா சொன்னாங்க. ஒம்போது சீட்ல எட்டு எனக்காம், ஒண்ணு மட்டும் அந்தச் சென்னை சாருக்காம். அந்தத் தூங்குமூஞ்சித் தாத்தாதான் மாத்தி எழுதியிருக்கும்."

"அவராத்தான் இருக்கும்," என்றேன். வாய் நிறையப் பேடா இருந்ததால் அதற்கு மேல் பேச வேண்டியிருக்கவில்லை. தன் மகனுக்கு எழுதாமல் அவர் ஏன் சென்னைக்காரருக்கு எழுத வேண்டும் என்று அக்கா யோசிக்கவில்லை. அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு.

பன்னிரண்டாம் நாள் ஆர்டர் வந்தது. அந்தக் காலிப் பலகையில் இப்போது அவள் பெயர்.

போகிறவர்களுக்குச் சில: 6.10 வண்டியை விட்டால் பத்து மணிக்குள் போய்ச் சேர முடியாது. போக மட்டும் தலைக்கு முப்பத்துநாலு ரூபாய், சில்லறையாக வைத்துக்கொள்ளுங்கள். காலேஜ் வாசலில் கடை இல்லை, தண்ணீர் கொண்டுபோங்கள். ஒரிஜினல் சர்டிபிகேட்டோடு ப்ராஜெக்ட் நோட்டையும் எடுத்துப்போங்கள். அதில் வேறு யார் கையெழுத்தாவது இருந்தால், கேட்பதற்கு முன் நீங்களே சொல்லிவிடுங்கள். துணைக்குப் போகிறவர்களை உள்ளே கூப்பிட்டு உட்காரவைக்கலாம், சீட்டும் கொடுக்கலாம்.

அக்கா, உன் காலேஜில் நெட் இருக்கிறது, என்றைக்காவது இதைப் படிப்பாய். அந்தத் தாத்தாவைத் திட்டாதே. அந்தச் சீட்டு நான் எழுதியது. மூன்று தண்ணி அலசியதும் நான்தான்.