பொன் வராத ராஜாக்கள் திருநாள்

சனிக்கிழமை பிற்பகல் மூன்றேகாலுக்குப் புதுச்சேரியிலிருந்து பாகூர் பஸ் கிளம்பியது. கட்டணம் தொண்ணூறு காசு. மடியில் ஐந்து மாதக் குழந்தை. கூடையில் ஆற வைத்த வெந்நீர், பால் பாட்டில், கிரைப் வாட்டர், மாற்றுத் துணிகள், கம்பளிக் குல்லாய். என் கணவருக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. தனியாகப் போகலாமா, இந்தப் பனியில் குழந்தையை எடுத்துப் போகலாமா என்று ஒரு வாரமாக யோசித்துக்கொண்டிருந்தேன். யோசித்து முடிப்பதற்குள் பஸ் அரியாங்குப்பம் பாலத்தைத் தாண்டிவிட்டது.

மூன்று ராஜாக்கள் திருநாளை நகரத்தில் நாங்கள் பூசையோடு முடித்துக்கொள்கிறோம். பாகூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அதை நடித்தே காட்டுகிறார்கள். அது என் கணவர் பிறந்த ஊர். அவருடைய அண்ணன் மனைவி சூசையம்மா, குழந்தையைத் திருநாளுக்குக் கொண்டுவந்து காட்டச் சொல்லி ஆள் அனுப்பியிருந்தார். கல்யாணம் நகரத்திலேயே நடந்ததால் எனக்கு இதுதான் முதல் தடவை. ஊர்ப் பெயரை மட்டும் எழுதப் போவதில்லை. நான் எழுதிவிட்டுப் போய்விடுவேன், அங்கே இருப்பவர்கள் இருந்தாக வேண்டும்.

"குல்லாய கழட்டும்மா, புள்ளைக்கி வேர்க்குது பாரு" என்றார் கண்டக்டர். கழற்றினேன். கிருமாம்பாக்கத்தில் காற்று சில்லென்று அடித்தது. போட்டேன். கன்னியக்கோயிலில் கடலூர்ச் சாலையை விட்டு மேற்கே திரும்பியபோது மறுபடி கழற்றினேன். "எதுனா ஒண்ணு பண்ணும்மா" என்றார் அவர்.

பாகூரிலிருந்து இரண்டு மைல் மாட்டு வண்டி, ஒரு ரூபாய். ஏரி நிரம்பியிருந்தது. கரைக்குக் கீழே சம்பா நெல் முற்றிச் சாய்ந்திருந்தது. சில வயல்களில் அறுவடை தொடங்கியிருந்தார்கள்.

"யாரு வூட்டுக்கும்மா?" என்று வண்டிக்காரர் கேட்டார்.

சூசையம்மா பெயரைச் சொன்னேன்.

"காலனியா? அப்ப இங்கயே எறங்கிக்க. வண்டி அதுக்குள்ள வராது."

பாதை மோசம் போலிருக்கிறது என்று எண்ணி இறங்கி நடந்தேன். பாதை நன்றாகத்தான் இருந்தது.

சூசையம்மா அக்கா அப்போதுதான் வயலிலிருந்து வந்திருந்தார். குளித்துவிட்டுத்தான் குழந்தையைத் தொட்டார். ஊர்த் தெருப் பெரியவர் ஒருவரின் நிலத்தில் அவருக்கு அறுப்பு வேலை. இந்தச் சில நாள் கூலியாக வரும் நெல்தான் ஆடி வரைக்கும் சோறு என்றார். அந்தப் பெரியவர்தான் நாளைக்கு முதல் ராஜாவாம். பரம்பரையாக அந்த வேடம் அவர்கள் குடும்பத்துக்காம்.

ஞாயிறு காலை ஆறரைக்குப் பூசை. குழந்தை துணியை நனைத்துவிட்டதால் அக்காவை முன்னால் போகச் சொல்லிவிட்டு நான் பின்னால் போனேன். பெரிய வாசல் வழியாக நுழைந்து, காற்று வரட்டும் என்று முன்பக்கப் பாயில் உட்கார்ந்தேன். அக்காவை எங்கும் காணவில்லை. திரும்பிப் பார்த்தால் பக்கவாட்டு வாசலை ஒட்டி, காலனிப் பெண்களோடு உட்கார்ந்திருந்தார். என் சாதி எனக்குத் தெரியும். கோயிலுக்குள் அதற்கென்று ஒரு வாசல் இருப்பது அன்றுதான் தெரிந்தது. எழுந்து அங்கே போகலாமா என்று நினைத்தேன். அதற்குள் சாமியார் பீடத்துக்கு வந்துவிட்டார்.

பிரசங்கம் சுருக்கமாக இருந்தது. கீழ்த்திசை ராஜாக்கள் கொண்டுவந்த காணிக்கை மூன்று. கடவுள் என்பதற்குச் சாம்பிராணி. நமக்காகச் சாகப் போகிறவர் என்பதற்கு, பிணத்துக்குப் பூசும் வெள்ளைப்போளம். அரசர் என்பதற்குப் பொன். சொல்லிவிட்டு, அடுத்த ஊர்ப் பூசைக்கு மோட்டார் சைக்கிளில் போய்விட்டார்.

கோயில் முற்றத்தில் வைக்கோல் வேய்ந்த குடில். குழந்தை இயேசுவாக உயிருள்ள குழந்தையையே வைப்பது இந்த ஊர் வழக்கம். ஆறு மாதத்துக்கு உட்பட்டதாக, ஞானஸ்நானம் பெற்றதாக இருக்க வேண்டும். பார்த்து வைத்திருந்த குழந்தைக்குக் காய்ச்சலாம். சாமியார் இல்லாதபோது கோயிலைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் என்னிடம் ஓடிவந்தார்.

"டவுனுலேந்து வந்த விருந்தாளிதான? கொழந்தைய ஒரு அரைமணி நேரம் குடும்மா."

"பெண் குழந்தைங்க" என்றேன்.

"இன்னா இப்போ? துணியில சுத்திட்டா ராஜாதான்."

குழந்தையை யாரிடமும் தர மாட்டேன், தூசி, சளி பிடிக்கும் என்றேன். "அப்ப நீயே மாதாவா உக்காரு" என்று ஒரு நீலச் சேலையைத் தலையில் போட்டுவிட்டார். வைக்கோலில் பூச்சி இருக்குமோ என்ற கவலையோடு நான் மாதாவானேன்.

ஒன்பது மணிக்கு மூன்று ராஜாக்களும் அலங்கரித்த வண்டியில் வந்து இறங்கினார்கள். நாடகக் கம்பெனி அங்கி, அட்டைக் கிரீடம், பஞ்சுத் தாடி. முதல் ராஜா கையில் வெல்வெட் பெட்டி. உள்ளே அசல் தங்கச் சங்கிலி. கும்பிட்டதும் அது வீட்டுக்குத் திரும்பிவிடும். இரண்டாவது ராஜா மில் தொழிலாளி, கையில் சாம்பிராணித் தட்டு. மூன்றாவது ராஜா தையற்காரர், நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய வெள்ளைப்போளப் பொட்டலத்தோடு நின்றார். ஒவ்வொருவராக மண்டியிட்டுக் குழந்தையின் காலைக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும்.

அந்த நேரம் பார்த்துக் குழந்தை அழுதது. கூட்டத்தின் ஓரத்தில் நின்ற சூசையம்மா அக்கா பால் பாட்டிலோடு ஓடிவந்தார். குழந்தை அவரைப் பார்த்ததும் சிரித்து இரண்டு கையையும் நீட்டியது.

"இன்னா உபதேசி, இது யாரு வூட்டு கொழந்த?" என்றார் முதல் ராஜா.

உபதேசியார் என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். "எனக்குத் தெரியாதுங்க" என்றார்.

"கோயில்ல இருக்கற கொழந்த சுரூபத்த எடுத்தாந்து வையி. புள்ளைய எறக்கச் சொல்லு."

"எம்மா, கொழந்தைக்கி வெயில் படுது பாரு. எடுத்துக்கினு போயிடு" என்றார் உபதேசியார். தணிவாகத்தான் சொன்னார்.

நான் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே சொன்னேன்: "வெயில் படலீங்க. கூரை இருக்குது. பொண்ணுன்னாலும் பரவால்லன்னு சொன்னீங்களே, வேற இன்னா கொறை?"

முதல் ராஜா நேராக என்னிடம் பேசினார். "நான் சாமிக்குத்தாம்மா மண்டி போடுவேன். எங்கிட்ட கூலிக்கு வர்றவ வூட்டுப் புள்ளைக்கு இல்ல."

"அவரும் தச்சு வேலை செஞ்சவர் வீட்டுப் புள்ளதானுங்க."

சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் அக்காவின் முகம் கண்ணில் பட்டது. நாளைக்கு நான் பஸ் ஏறிவிடுவேன். அரிவாளோடு இவர் வயலில் போய் நிற்க வேண்டியவர் அக்கா. அவருடைய சோற்றை வைத்து நான் வீரம் பேசுகிறேனா? எழுந்துவிடலாம் என்று குழந்தையைத் தோளில் போட்டேன்.

தோளை ஒரு கை அழுத்தியது. "உக்காருடி" என்றார் அக்கா. "இப்ப நீ எழுந்தியானா அப்புறம் எவளும் உக்கார மாட்டா."

உட்கார்ந்தேன். மில் தொழிலாளி முன்னால் வந்தார். "அண்ணே, எனக்கு ரெண்டு மணி ஷிப்டு. நான் கும்பிட்டுட்டுக் கெளம்பறேன்" என்று மண்டியிட்டார். குழந்தை அவருடைய தாடியைப் பிடித்து இழுக்க, அது கையோடு வந்துவிட்டது. கூட்டம் சிரித்தது. "எம்மா ராஜாவே, தாடிக்கு வாடக குடுக்கணும், வுடு" என்று கெஞ்சி வாங்கிக்கொண்டு, காலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "அவரே மண்டி போட்டாச்சு, எனக்கு இன்னா" என்று தையற்காரரும் மண்டியிட்டார்.

முதல் ராஜா கிரீடத்தைக் கழற்றிக் கையில் எடுத்தார். பெட்டியை இடுப்பில் செருகிக்கொண்டு, அங்கியோடு வீட்டுக்கு நடந்தார்.

சாம்பிராணி வந்தது, வெள்ளைப்போளம் வந்தது, பொன் வரவில்லை. அன்று முழுதும் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். கடவுள் என்று ஒப்புக்கொள்வது சுலபம், அவர் மேலே இருக்கிறார். சாவார் என்று ஒப்புக்கொள்வதும் சுலபம், எல்லாரும்தான் சாகிறோம். அரசர் என்றால் அவர் சொல் கீழே செல்ல வேண்டும். வயலில், கூலியில், கோயில் வாசலில், வண்டி நிற்கிற தெருமுனையில் செல்ல வேண்டும். இராச்சியம் வரட்டும் என்று நாள்தோறும் வேண்டுகிறோம். வந்தால் எங்கே உட்கார வைப்போம் என்று யோசித்திருக்கிறோமா? நான் யோசித்ததில்லை.

திங்கட்கிழமை விடியும்போதே பெரியவரின் மேஸ்திரி சைக்கிளில் வந்தார். வாசலில் நின்ற பெண்களிடம், "எல்லாரும் வாங்க. சூசையம்மா மட்டும் வேணாம்னுட்டாரு" என்றார். ஒருத்தியும் நகரவில்லை. அப்படியே மண்ணில் உட்கார்ந்து அரிவாளை மடியில் வைத்துக்கொண்டார்கள்.

"அவ இல்லாம எங்களுக்கு அறுக்க வராதுப்பா, மறந்துபோச்சு" என்றாள் ஒருத்தி.

மேஸ்திரி போனார். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார். "ஒரு மன்னிப்புக் கேட்டுட்டா வரலாமாம்."

"மண்டி போடாதவரு கேக்கட்டும்" என்றார் அக்கா.

கிழக்கே மேகம் கட்டியிருந்தது. ஒரு மழை பெய்தால் சாய்ந்த நெல் அத்தனையும் சேற்றில் முளைத்துவிடும். அது மேஸ்திரிக்கும் தெரியும், அவரை அனுப்பியவருக்கும் தெரியும். மூன்றாம் முறை வந்தபோது சைக்கிளை விட்டு இறங்கவே இல்லை. "சரி, எல்லாரும் வாங்க. சீக்கிரம்" என்று சொல்லித் திரும்பினார்.

பெண்கள் சேலையைத் தட்டிக்கொண்டு எழுந்தார்கள். அடுத்த வருடம் அந்தப் பெட்டி வருமா என்று அக்காவிடம் கேட்டேன்.

"அது வருதோ இல்லையோ, கொழந்த வரும். உம் பொண்ணு அதுக்குள்ள நடக்க ஆரம்பிச்சிடுவா" என்றவர், வரிசையில் நின்ற ஒரு பெண்ணைக் காட்டினார். "அவளுக்கு இப்ப ரெண்டு மாசம். பேறுகாலம் எப்போன்னு கேளு."

"ஆடி கடைசியில" என்றாள் அந்தப் பெண். "திருநாளுக்கு அஞ்சு மாசம் ஆயிருக்கும். சரியா இருக்கும்."

அவர்கள் வயலுக்கு இறங்கினார்கள். நான் ஏரிக்கரை வழியே பாகூருக்கு நடந்தேன்.

எங்கள் நகரக் கோயிலில் வாசல் எல்லாருக்கும் ஒன்றுதான். ஆனால் முன்வரிசை நாற்காலிகள் சில பழைய குடும்பங்களுக்கு உரியவை. யாரும் அப்படிச் சொன்னதில்லை, யாரும் போய் உட்கார்ந்ததும் இல்லை. நான் கடைசித் தூண் பக்கம் உட்காருவேன். குழந்தை அழுவாள், அதனால்தான் என்று எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். வரும் ஞாயிறு அவளை எடுத்துக்கொண்டு முன்வரிசைக்குப் போகப் போகிறேன். அழுதால் அழட்டும்.