கூரைக்குச் சாட்சி சொன்ன உபதேசியார்

நற்பிட்டிமுனை மீராசாஹிபு வட்டவிதானை. வயலுக்குத் தண்ணீர் முறை வைப்பது அவர் வேலை. அந்த வேலையில் நாளுக்கு நாலு பேருடன் சண்டை பிடிப்பார். ஆனால் வீட்டுக்கு வந்த ஒருவரைப் பார்த்து "போயிட்டு வாங்க" என்று அவர் சொன்னதேயில்லை. வந்தவர்கள் தாங்களாகவே எழும்பிப் போனால்தான் உண்டு. அப்போதும் "என்ன அவசரம், இரிங்க" என்பார். மனைவி சல்மா உம்மா இதை மருந்தில்லாத ஒரு வருத்தம் என்றே வைத்திருந்தாள்.

எண்பத்தோராம் ஆண்டு மார்கழி மழையில் திருநெல்வேலி உபதேசியார் ஒருவர் வாய்க்கால் கரையில் சைக்கிளோடு விழுந்து கால் முறிந்து கிடந்தார். பெயர் யேசுவடியான். கல்முனை மெதடிஸ்தச் சபைக்கு மூன்று மாத ஊழியத்துக்காகக் கப்பலேறி வந்தவர். மீராசாஹிபு அவரை வண்டியில் தூக்கிப் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார். முறிவு வைத்தியர் கட்டுப் போட்டு, நாற்பது நாள் காலை அசைக்கக் கூடாது என்றார். சபையார் கூட்டிப் போக இரண்டு முறை வந்தார்கள். இரண்டு முறையும் சோறு தின்றுவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

"எங்கட வயல் வட்டையில முறிஞ்ச கால், எங்கட வீட்டிலதான் பொருந்தணும்" என்று மீராசாஹிபு சொல்லிவிட்டார்.

பொருந்தட்டும், ஆனால் எங்கே? கலியாணமாகாத குமர் இருக்கிற வீட்டில் அந்நிய ஆண்பிள்ளையைப் படுக்க வைக்க முடியாது. அதே வளவுக்குள் மகள் ஸுல்பிகாவுக்குச் சீதனமாகக் கட்டிய புது வீடு இருந்தது. லெவ்வை வந்து மவுலூது ஓதிய பிறகு பொண்ணும் மாப்பிள்ளையும் குடிபுக வேண்டிய வீடு. அதில் கட்டிலைப் போட்டு உபதேசியாரைக் கிடத்தினார்கள். அவர் அன்று பின்னேரமே உரத்த குரலில் ஜெபம் பண்ணினார். புது வீட்டின் முதல் ஓதல் அதுதான். சல்மா உம்மா தலையில் கை வைத்துக்கொண்டு இருந்துவிட்டாள்.

சமைத்தது ஸுல்பிகா, கொண்டுபோய்க் கொடுத்தது மீராசாஹிபு. பெண்கள் அந்தப் பக்கம் போகவில்லை. உபதேசியார் நல்ல மனிதர், ஒரு குணம்தான் விளங்கவில்லை. அடிக்கடி கட்டிலை மாற்றிப் போடச் சொல்வார்.

"இந்த மூலை வசதியா இருக்கும் அண்ணாச்சி."

நாலு தரம் மாற்றினார்கள். ஊர் ஊராகத் திரிகிற மனிதருக்கு ஒரே இடத்தில் கிடக்க முடியாதாக்கும் என்று மீராசாஹிபு நினைத்தார்.

மழை விட்ட தை மாதத்தில் அக்கரைப்பற்றிலிருந்து மாப்பிள்ளையின் உம்மா முனவ்வறா வீடு பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. ஏற்கனவே இரண்டு வீடு பார்த்து இரண்டையும் தட்டிவிட்ட மனிசி. இந்த வீடு பிடித்தால் கலியாணம், பிடிக்காவிட்டால் இல்லை.

"இஞ்சேருங்க, அந்த மனிசன ஒரு நாளைக்கு வண்டிக் கொட்டிலுக்கு மாத்துங்க. புள்ளட வாழ்க்க" என்றாள் சல்மா உம்மா.

மீராசாஹிபு போனார். அரை மணி நேரம் இருந்தார். திரும்பி வந்தார்.

"சொன்னீங்களா?"

"சாப்பிட்டாரா எண்டு கேட்டன்."

முனவ்வறா குடையோடு வந்தாள். குடைப்பிடியால் கதவு, நிலை, சுவர் எல்லாவற்றையும் தட்டிப் பார்த்தாள். கட்டிலில் கிடந்தவரையும் பார்த்தாள். அவரை மட்டும் தட்டவில்லை.

"காக்கா, மழைக்கு ஒழுகுமா?" என்று மீராசாஹிபைக் கேட்டாள்.

"ஒரு சொட்டும் இல்ல தங்கச்சி" என்றார் மீராசாஹிபு. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

"வீட்டுக்காரன் வேற என்ன சொல்லுவான்? படுத்துக் கிடக்கிறவர் சொல்லட்டும்."

உபதேசியார் மீராசாஹிபைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். ஒரு பொய், அவ்வளவுதான், சொல்லித் தொலைத்திருக்கலாம். பாவி மனிதர் சொல்லவில்லை.

"நாலு எடத்துல ஒழுகுதும்மா. அண்ணாச்சிக்குத் தெரியாது. நான் சொல்லல."

அடுக்களையில் ஸுல்பிகாவின் அகப்பைச் சத்தம் நின்றது. "என்ட ரப்பே" என்றாள் சல்மா உம்மா. மீராசாஹிபுக்கு வெட்கத்தில் காது சுட்டது.

முனவ்வறா தேத்தண்ணியைத் தொடாமல் எழும்பினாள். வாசற் படலையடியில் நின்று திரும்பினாள்.

"காக்கா, கூரைய வேயுங்க. நீங்க சொல்லுறதையும் கேக்கமாட்டன், ஓடாவி சொல்லுறதையும் கேக்கமாட்டன். அந்தப் பாதிரியார் ஒரு மழைக்குக் கீழ படுத்துப் பார்த்து எழுதட்டும். அவருக்குப் பொய் வராது."

ஓடாவி ஓடெல்லாம் கழற்றித் திரும்பப் போட்டார். உபதேசியாரின் கால் பொருந்திவிட்டது. மழைதான் வரவில்லை. அவருடைய விசா அடுத்த வாரம் சனிக்கிழமை முடிகிறது. பதினொரு நாள் வானம் வெளுத்துக் கிடந்தது. உபதேசியார் புது வீட்டுக்குள் மழை கேட்டு ஜெபித்தார். மீராசாஹிபு பள்ளிவாசலில் துஆக் கேட்டார். சல்மா உம்மா இரண்டு பேரையும் நம்பாமல் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை லுஹர் தொழுகைக்குப் பிறகு கொட்டியது. உபதேசியார் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு மல்லாந்து படுத்தார். மழை முற்றாக விடும்வரை மீராசாஹிபு வாசலில் குடையோடு நின்றார். உள்ளே போகவில்லை, அவர் சாட்சிதான் செல்லாதே. கடைசியில் கதவு திறந்தது. சட்டை நனைந்திருக்கவில்லை.

உபதேசியார் அக்கரைப்பற்றுக்கு இரண்டு வரி எழுதினார்: "படுத்துப் பார்த்தேன். ஒழுகவில்லை." ஆள் கையில் கொடுத்தனுப்பி, அன்றிரவே கலியாணம் நிச்சயமாயிற்று.

மறுநாள் காலையில் கல்முனை பஸ் நிலையத்தில் மீராசாஹிபு கேட்டார்.

"ஐயா, முதல் நாளே ஏன் சொல்லயில்ல?"

"சொன்னா நீங்க என்ன செஞ்சிருப்பீங்க அண்ணாச்சி?"

மீராசாஹிபு யோசித்தார். "எங்கட வீட்ட உங்களுக்குத் தந்துபோட்டு, நாங்க மூண்டு பேரும் அந்த ஒழுக்குக்குள்ள வந்து படுத்திருப்பம்."

"அதான்."

பஸ் வந்தது. உபதேசியார் ஏறி உட்கார்ந்து ஜன்னலால் கையை நீட்டினார். மீராசாஹிபு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். கண் நிறைந்துவிட்டது, மறைக்கவும் இல்லை. போயிட்டு வாங்க என்று சொல்ல வாயைத் திறந்தார்.

"என்ன அவசரம் ஐயா" என்றார்.

கொண்டக்டர்தான் மணியை அடித்தார்.