அண்ணனின் கண்ணும் கேம் மெஷினின் திரையும்

ஒக்கலிபுரத்தில் எங்கள் மொபைல் ரிப்பேர் கடை, ஓர் ஆள் கால் நீட்டிப் படுத்தால் நிறைந்துவிடும். அதிலும் பாதி இடம் ஒரு பழைய வீடியோ கேம் மெஷினுக்குப் போய்விட்டது. ஆள் உயரப் பெட்டி, உள்ளே பழைய டிவிக்கு இருப்பது போல் பருத்த பிக்சர் டியூப். அண்ணன் முன்பு நடத்திய கேம் பார்லரில் மிஞ்சியது அது ஒன்றுதான்.

பக்கவாதம் வந்து வலது கை விழுந்த பிறகு, பயிற்சிக்காகக் கொடுத்த ரப்பர் பந்தை அண்ணன் தொடவே மாட்டார். "நான் என்ன கைக்குழந்தையா?" என்பார். ஆனால் மெஷின் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து தினமும் மஞ்சள் கார் ஓட்டுவார். எதிரே வரும் சிவப்புக் கார்களில் மோதாமல் போக வேண்டும், அவ்வளவுதான் ஆட்டம். அவர் விரல்கள் மடங்க ஆரம்பித்ததே அந்த லீவரால்தான்.

ஆயுத பூஜை முடிந்ததும் அவர் மெஷின் பக்கம் வருவதை நிறுத்திவிட்டார். கேட்டால் போர் அடிக்கிறது என்றார். அண்ணிதான் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்.

"தம்பி, அவருக்குக் கலரெல்லாம் மாறி மாறித் தெரியுதாம். மறுபடியும் மூளைக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு பயப்படறாரு. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னாரு. நீ சோறு தண்ணி இல்லாம கிடப்பியாம்."

நான் அப்படித்தான் கிடந்தேன். கடை ஷட்டரைப் பூட்டினேனா என்று பாதி வழியில் திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிற ஆள் நான். ஆஸ்பத்திரி, ஸ்கேன் என்று மனதுக்குள் எல்லாவற்றையும் ஓட்டி முடித்துவிட்டேன். அதற்கு நடுவில் எதற்கென்று தெரியாமல் மெஷினை ஆன் செய்தேன். சாலையின் வலது ஓரம் பச்சை, இடது மூலை ரோஸ். நடுவில் சிவப்பாக இருந்த கார், ஓரத்துக்கு வந்ததும் ஊதாவானது.

கெட்டது மெஷின்! மெஷின் ரிப்பேரானதற்காகச் சாமிக்கு நன்றி சொன்னவன் இந்தத் தெருவில் நானாகத்தான் இருப்பேன்.

"அண்ணா, எனக்கும் அப்படித்தான் தெரியுது. மெஷின்தான் கோளாறு."

"பொய் சொல்லாதேடா. என்னைச் சமாதானம் பண்ண நீயும் உங்க அண்ணியும் பேசி வெச்சுக்கிட்டீங்க."

"சத்தியமா அண்ணா."

"அப்ப சரி பண்ணிக் காட்டு."

ஒன்பதாவதோடு படிப்பை விட்டு அண்ணனின் பார்லரில் சேர்ந்தவன் நான். இந்த மெஷின்களைத் திறந்து மூடித்தான் தொழில் பழகினேன். ஆனாலும் பயம் போகவில்லை. பிளக்கைப் பிடுங்கினாலும் டியூபில் கரண்ட் தங்கியிருக்கும். ஸ்க்ரூடிரைவரில் ஒயர் கட்டி, அதன் மறு முனையை இரும்புச் சட்டத்தில் சேர்த்து அந்தக் கரண்டை இறக்க வேண்டும். ஒரு தடவை இறக்கிவிட்டு, நம்பிக்கை இல்லாமல் மறுபடியும் இறக்கினேன். பின்னால் அண்ணன் துடைப்பக் கட்டையோடு நின்றார்.

"எதுக்குண்ணா அது?"

"உன்னைக் கரண்ட் பிடிச்சா அடிச்சுத் தள்ளத்தான். பிடிக்கலேன்னாலும் ஒண்ணு வெக்கலாம்னு இருக்கேன்."

டியூபின் கழுத்தில் இருக்கும் போர்டில் விட்டுப்போன ஈயப் பற்றுகளை எல்லாம் புதிதாக வைத்தேன். நிறம் மாறவில்லை. டியூபே போயிருந்தால் வேறு டியூபுக்கு எங்கே போவது என்று தலையில் கை வைத்து உட்கார்ந்தேன். அண்ணி டீயோடு வந்தார்.

"பூஜைக்கு முன்னாடி நல்லாத்தானே இருந்துச்சு? ஆட்டோ ஸ்டாண்ட் பசங்க அந்தப் பெரிய ஸ்பீக்கரை இதும்மேல சாய்ச்சு வெச்சப்பவே வேணாம்னு சொன்னேன். யார் கேட்டீங்க?"

அண்ணிக்கு நான் கோயில் கட்டலாம். ஸ்பீக்கருக்குள் இருப்பது பெரிய காந்தம். பூஜை முடியும்வரை அது பக்திப் பாட்டோடு டியூபை ஒட்டியே நின்றிருக்கிறது. கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய இரும்புத் தகட்டில் காந்தம் ஏறிவிட்டால் நிறங்கள் இடம் மாறிவிடும். மெஷின் ஆன் ஆகும்போது அந்தக் காந்தத்தைக் கலைக்க உள்ளேயே ஒரு கம்பிச் சுருள், அதாவது காயில், உண்டு. எங்கள் மெஷினில் அது எப்போதோ செத்துப்போயிருந்தது.

சந்துக் கோடியில் டிவி ரிப்பேர் கடை வைத்திருக்கும் பாயிடம் ஓடினேன். இப்போது மிக்ஸிதான் பார்க்கிறார். கையில் பிடித்துச் சுற்றுகிற வளையக் காயிலை ஆணியிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

"டென்ஷன் நக்கோ பையா, டென்ஷன் வேணாம். சுத்திக்கிட்டே பின்னாடி வா. தூரமா வந்தப்புறம்தான் ஆஃப் பண்ணணும். கிட்ட வெச்சு ஆஃப் பண்ணினா இன்னும் மோசமாயிடும்."

திரைக்கு முன்னால் வளையத்தைச் சுற்றினேன். மழைத் தண்ணீரில் எண்ணெய் மிதப்பது போல் நிறங்கள் நெளிந்தன.

"திருஷ்டி கழிக்கிற மாதிரியே இருக்கு" என்றார் அண்ணி.

"நல்லா சுத்துடா, ஊர்க் கண்ணெல்லாம் போகட்டும்" என்றார் அண்ணன்.

கடையில் பின்னால் போக இடம் ஏது? இரண்டு எட்டு வைத்ததும் ரோட்டில் நின்றேன். ஓர் ஆட்டோ கிறீச்சென்று பிரேக் போட்டது.

"ஏனு குரு, ரோடல்லி பூஜேனா?" ரோட்டிலேயே பூஜையா என்று ஆட்டோக்காரர் கன்னடத்தில் கேட்டார்.

"ஒந்து நிமிஷ இரு குரு!" ஒரு நிமிஷம் பொறு என்று அண்ணன் கட்டையை நீட்டி அவரை மறித்துக்கொண்டார். நான் இன்னும் கொஞ்சம் பின்னால் போய் ஆஃப் செய்தேன்.

அண்ணன் உள்ளே வந்து திரையையே பார்த்தார். இடது கண்ணை மூடிப் பார்த்தார், பிறகு வலது கண்ணை.

"ஓரத்துல வர்றது சிவப்பா?"

"சிவப்புதான்" என்றோம் நானும் அண்ணியும் ஒரே குரலில். அது தப்பாகிவிட்டது. பேசி வைத்துக்கொண்டு சொன்னது போலவே இருந்தது. அண்ணனின் முகம் இறுகியது.

வேடிக்கை பார்க்க இறங்கிய ஆட்டோக்காரர் வாசலில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் அவர் பக்கம் திரும்பி, அந்த ஓரத்துக் கார் என்ன நிறம் என்று கன்னடத்தில் கேட்டார்.

"கெம்பு" என்றார் அவர். சிவப்பு. "யாக்கே, நிமகே காண்சல்வா?" உங்களுக்குத் தெரியவில்லையா என்று கேட்கிறார்.

"காண்சுத்தே" என்றார் அண்ணன். தெரிகிறது. மறுபடியும் மெதுவாகச் சொன்னார், "காண்சுத்தே."

அந்த ஆட்டோக்காரரின் முகம்கூட எனக்குச் சரியாக ஞாபகமில்லை. நன்றி சொல்வதற்குள் பின் சீட்டில் இருந்த பயணி திட்ட, வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எங்களிடம் பொய் சொல்ல எந்தக் காரணமும் இல்லாத ஒருவர் அந்த நேரத்தில் அங்கே வந்து நின்றதை இப்போதும் நினைத்துக்கொள்கிறேன்.

அண்ணன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வலது கையைத் தூக்கி லீவரின் மேல் வைத்தார். மஞ்சள் கார் கிளம்பி முதல் வளைவிலேயே போய் மோதியது. அண்ணன் வாய்க்கு வந்தபடி திட்டினார். லீவரைத்தான்.