பூக்காரம்மா இழுத்துப் பிடித்த நூல்

எங்கள் திண்டுக்கல் பள்ளி வாசலில் பூக்கட்டும் அம்மா அவர். நூலைப் பல்லால் அறுத்து அறுத்தே முன்பல்லில் பள்ளம் விழுந்திருக்கும். ஒருநாள் என் பூகோள வகுப்புக்கே வந்துவிட்டார்.

"டீச்சர், எம்மக டெல்லியில ஏறி சிகாகோ போறா. பிளேன் எந்தப் பக்கமா போகும்?"

சுவர் வரைபடத்தில் விரலை மேற்கே ஓட்டினேன். "ஐரோப்பா, அப்புறம் பெரிய கடல்."

"வானத்துல எதுக்கு இம்புட்டுச் சுத்து?" என்றவர், மேசையிலிருந்த உலக உருண்டையில் இரண்டு ஊரும் எங்கே என்று கேட்டு, இரண்டுக்கும் நடுவே பூ நூலை இறுக்கிப் பிடித்தார். நூல் வடதுருவத்தை ஒட்டிக் கிடந்தது. இறுக்கிய நூல்தானே குறுக்கு வழி; நான் காட்டிய வழி எங்கோ ஒதுங்கிக் கிடந்தது.

"அம்புட்டும் வெள்ளையா கிடக்கே, பனியா டீச்சர்? புள்ள ஸ்வெட்டர்கூட எடுக்கலையே!"

பிறகு பிரவுசிங் சென்டரில் பார்த்தேன். விமானம் ஏறக்குறைய அந்த நூல் கிடந்த வழியேதான் போகிறது. இருபது வருஷமாக அந்த உருண்டையைத் தூசி தட்டி மட்டுமே வைத்திருந்தவள் நான்.