பப்பாளி தின்னாத பல்லி

வளர்ப்புப் பல்லியைப் புரட்டாசி விரதம் இருக்க வைத்தவன் நான். அலமாரி அலமாரியாகப் புத்தகம் படித்தும் இந்த லட்சணம்.

சுவரில் ஓடி சகுனம் சொல்கிற பல்லி அல்ல. லெப்பர்ட் கெக்கோ. மஞ்சள் உடம்பில் கறுப்புப் புள்ளிகள், இமைத்துப் பார்க்கும் கண்கள், கொழுப்பைச் சேமித்து வைக்கும் பருத்த வால். என் பள்ளிக்கூடத்து நண்பன் பக்கத்து ஊரான மாசாயில் இவற்றைத் தொட்டி தொட்டியாக வளர்க்கிறான். எனக்கு வாங்கித் தந்ததும் அவனே. மணல் போடாதே, விழுங்கினால் குடல் அடைத்துக்கொள்ளும் என்றான். பழைய பேப்பர் விரித்தேன். வயிற்றுக்கு அடியில் சூடு வேண்டும் என்றான். ஜொகூர் வெயில் போதாதா என்றுகூடக் கேட்காமல் ஹீட் மேட் வாங்கினேன். சொன்னதெல்லாம் சரியாக இருந்தது. ஏமாறுவதற்கு முன்னால் அப்படித்தான் இருக்கும்.

புரட்டாசி பிறந்தது. அதுவரை பல்லிக்குப் பூச்சிதான் தீனி. அந்த மாதம் எங்கள் வாசலை முட்டைகூடத் தாண்டாது. நானும் விரதத்தைக் கடுமையாகவே கடைப்பிடித்தேன், வீட்டுக்குள். முதல் சனிக்கிழமை படையலுக்கு நண்பன் வந்திருந்தான். பரிமாறிக்கொண்டே என் மனைவி, இந்த மாதம் பல்லிக்கு என்ன போடுவது என்று கேட்டாள். கேட்டது அவ்வளவுதான்.

"கவலைய விடுங்க அண்ணி. பப்பாளி, வாழைப்பழம் போதும்லா. என்னோடதெல்லாம் புரட்டாசியில சைவந்தான்."

அவன் இலையில் இன்னொரு வடை விழுந்தது.

பப்பாளியைப் பொடியாக நறுக்கி வைத்தேன். பல்லி அதை ஒருமுறை நக்கிவிட்டு என்னைப் பார்த்தது. மறுநாள் வாழைப்பழத்தின் மேல் ஏறி நடந்து போனது. பழகிக்கொள்ளும் என்று நண்பன் போனில் தைரியம் சொன்னான். கட்டைவிரல் பருமன் இருந்த வால் பென்சில் போலானபோதுதான் மிருக வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

அந்தப் பெண் திட்டவில்லை, திட்டியிருக்கலாம். இது பூச்சி மட்டுமே தின்கிற பிராணி, பழம் இதற்கு ஆகாரமே இல்லை, வாலில் இருந்த கொழுப்பைக் கரைத்துத்தான் இதுவரை உயிர் பிழைத்திருக்கிறது என்றார். உயிருள்ள சில்வண்டுகளைக் கால்சியம் தூளில் புரட்டிக் கொடுக்கச் சொன்னார்.

நேரே மாசாய்க்கு வண்டியை விட்டேன். நண்பன் நெற்றி நிறைய நாமத்தோடு தொட்டிகளின் முன்னால் நின்றிருந்தான். கையில் இடுக்கி. இடுக்கியில், வெள்ளைத் தூள் பூசிய சில்வண்டு ஒன்று காலை உதைத்துக்கொண்டிருந்தது.

என்னைக் கண்டதும் அவனே ஆரம்பித்தான்.

"அண்ணி முன்னால வேற என்னடா சொல்றது? பூச்சியக் கொல்லச் சொன்னா அடுத்த சனிக்கிழம என்னைய வீட்டுக்குள்ள விடுவாங்களா?"

நாற்பது வருட நட்பு, ஓர் உளுந்து வடை. தராசு எந்தப் பக்கம் சாய்ந்தது என்று பார்த்துவிட்டேன். இருந்தாலும், திரும்பும்போது அவனிடமே ஒரு டப்பா சில்வண்டு வாங்கிக்கொண்டேன்.

டப்பாவை மறைத்துத்தான் வீட்டுக்குள் கொண்டுபோனேன். மனைவி பார்த்துவிட்டாள். நடந்ததை எல்லாம் சொன்னேன். அவளே டப்பாவை வாங்கித் திறந்து கொடுத்தாள். பல்லி ஒரே பாய்ச்சலில் முதல் சில்வண்டைக் கவ்வியது. எனக்குக் கண் கலங்கியது.

"வாயில்லா ஜீவனப் பட்டினி போடச் சொல்லி நானா கேட்டேன்?" என்றாள். "ஆபீஸ் பக்கத்துல நீங்க சாப்பிடுற கோழி வாசம் தெனமும் சட்டையில வருது. இந்த வீட்டுல ஒழுங்கா புரட்டாசி பிடிச்சது இது ஒண்ணுதான்."