பழவங்காடிக்குப் போன வாட்டர் ஸ்கூட்டர் சீட்

அண்ணா வேலையை விட்டுவிட்டு வாட்டர் ஸ்கூட்டர் ஓட்டப் போகிறான் என்று தெரிந்த அன்றே அப்பா அவனோடு பேசுவதை நிறுத்திவிட்டார். ஆனால் அவனிடம் சொல்ல வேண்டிய விஷயங்கள் மட்டும் குறையவே இல்லை. எல்லாம் என் வழியாகப் போயின. இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து இட்லி சாப்பிடும்போதுகூட அப்பா என் பக்கம் திரும்பி, அந்தச் சட்னியை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு என்பார். நான் வாயைத் திறப்பதற்குள் சட்னி நகர்ந்து வந்துவிடும். இருந்தாலும் நான் ஒரு தடவை சொன்னால்தான் அவர் கரண்டியைத் தொடுவார்.

வண்டி அண்ணாவுடையதுகூட இல்லை. அவனுடைய கல்லூரி சிநேகிதன் ஒருவன் எங்கிருந்தோ பழையதாக வாங்கி, கொஞ்ச நாள் ஓட்டிவிட்டு, கல்ஃபுக்கு விசா வந்ததும் சாவியை இவன் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். தண்ணீரில் போகும் மோட்டார் பைக் என்று வைத்துக்கொள்ளுங்கள். சக்கரம் கிடையாது. காயல் என்று இங்கே சொல்கிற உப்பங்கழியோரம் ஒரு ரிசார்ட்டின் படகுத்துறையில் அது கட்டிக் கிடந்தது. ஓணத்துக்கு வருகிற கூட்டத்தை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றி வருவது அண்ணாவின் திட்டம்.

ரிசார்ட் மேனேஜர் ஏறி உட்கார்ந்து பார்த்தார். வினை அங்கேதான் ஆரம்பித்தது. சீட்டின் மேலுறை வெயிலில் வெடித்து, தையல் விட்டுப் போயிருந்தது. உள்ளே இருந்த ஃபோம் போன மழைக்காலத்தையும் அதற்கு முந்தைய மழைக்காலத்தையும் பத்திரமாகச் சேர்த்து வைத்திருந்தது. மேனேஜர் வெள்ளை பேண்ட் போட்டிருந்தார். எழுந்தபோது பின்பக்கம் வெள்ளையாக இல்லை. ஞாயிற்றுக்கிழமை மறுபடி பார்ப்பேன், உட்காருகிறவர் நனையக் கூடாது, நனைந்தால் இந்தத் துறையில் உன் வண்டிக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டுப் பேண்ட் மாற்றப் போய்விட்டார்.

செய்தி வீட்டுக்கு வந்ததும் அப்பா என்னைக் கூப்பிட்டார்.

"ஞாயித்துக்கிழமை அந்த மேனேஜர் சரின்னு சொல்லலைன்னா திங்கக்கிழமை கோயம்புத்தூர் ரயில்ல ஏறணும். மாமா ஆஃபீஸ்ல இடம் காலியா இருக்கு. உங்கண்ணா காதுல விழுந்துதான்னு கேளு."

"விழுந்துதுன்னு சொல்லு," என்றான் அண்ணா, பக்கத்து நாற்காலியிலிருந்து.

ஊரில் பைக் சீட் தைக்கிற கடைகள் எல்லாவற்றிலும் ஓணம் முடிந்து வா என்று சொல்லிவிட்டார்கள். நான் அப்போது பி.எஸ்ஸி. பரீட்சை எழுதிவிட்டு, ரிசல்ட் வருகிற வரை என்ன செய்வது என்று தெரியாமல் வீட்டிலிருந்த கடிகாரங்களைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன். நான் தைக்கிறேன் என்றேன். அதுவரை நான் தைத்தவை நான்கைந்து தலையணை உறைகளும், ஓரத்தில் சுருக்கம் வைத்த ஒரு டி.வி. உறையும்தான். டி.வி. உறையைத் திறந்து படம் பார்க்கக் கொஞ்சம் போராட வேண்டும். ஆனால் கிழக்கேகோட்டையில் ஒரு பிரௌசிங் சென்டர் இருந்தது. அமெரிக்காவில் யாரோ ஒரு புண்ணியவான் வாட்டர் ஸ்கூட்டர் சீட்டுக்கு உறை மாற்றுவது எப்படி என்று படத்தோடு எழுதி வைத்திருந்தான். பிரிண்ட் எடுத்துக்கொண்டு ஓடி வந்தேன்.

"உனக்கு இதெல்லாம் தெரியுமாடி?" என்று அண்ணா கேட்டான்.

"தெரியாது. ஆனா படிச்சுட்டேன்."

சீட் ஆட்டோவில் வந்து இறங்கியது. ஒரு ஆள் நீளம், கன்றுக்குட்டி கனம். அதற்கு முன்பே அதன் வாசனை எங்கள் தெருவுக்குள் வந்துவிட்டது. அம்மா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். மீன் நாற்றம் அடிக்கிறதாம். ஃபோம் மீன் சாப்பிடாதும்மா என்று சொல்லிப் பார்த்தேன். மேலே இருப்பது மாட்டுத்தோலா என்று கேட்டாள். ரெக்சின், பிளாஸ்டிக் மாதிரிதான் என்றேன். பிளாஸ்டிக் என்றால் கொல்லை வழியாகக் கிணற்றடி வரை வரலாம் என்று அனுமதி கிடைத்தது.

கிணற்றடியில் உறையைப் பிடித்திருந்த பழைய ஸ்டேப்ளர் பின்களை ஸ்குரூ டிரைவரால் நெம்பி எடுத்து, உறையை உரித்து, ஃபோமை அடிப்பலகையிலிருந்து பிரித்தோம். பலகை என்றால் மரம் இல்லை, தடித்த பிளாஸ்டிக். ஃபோமைப் போட்டு நானும் அண்ணாவும் மாறி மாறி மிதித்தோம். மிதிக்க மிதிக்கக் காயல் வந்துகொண்டே இருந்தது. கடைசியில் செத்துப்போன ஒரு சின்ன இறாலும் வந்தது. அம்மா இறாலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், உள்ளே போய்விட்டாள்.

மொட்டைமாடியில் ஃபோம் காய்ந்துகொண்டிருந்தபோது ரெக்சின் வாங்க ஆரியசாலைக் கடைத்தெருவுக்குப் போனேன். கடைக்காரர் திருநெல்வேலிக்காரர். என்ன வண்டிக்கு என்று விசாரித்தார்.

"தண்ணியில போற ஸ்கூட்டர் அண்ணாச்சி."

"ஸ்கூட்டர் எதுக்கும்மா தண்ணியில போவுது?"

"ரோடு சரியில்லல்ல."

அவர் அதை முழு மனதோடு ஒப்புக்கொண்டார். கறுப்பு ரெக்சினும், பக்கவாட்டுக்குச் சிவப்பும், நைலான் நூலும், பெரிய ஊசியும் கொடுத்தார்.

பழைய உறையைத் துண்டு துண்டாகப் பிரித்து, புது ரெக்சின் மேல் வைத்து வரைந்து வெட்ட வேண்டும். கத்தரிக்கோலைத் திறந்தேன். ஊஞ்சலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா, பேப்பரைத் தாழ்த்தாமலேயே பேசினார்.

"சென்டர் லைன் போடாம வெட்டினா ஒரு பக்கம் கோணிக்கும்னு உங்கண்ணாகிட்ட சொல்லு."

"அண்ணா வெட்டலைப்பா. நான்தான் வெட்டறேன்."

"அப்போ உன்கிட்டயே சொல்றேன். நகரு."

அப்பா வேலை பார்த்த காலம் முழுக்க அரசாங்கத்துக்குப் பாலமும் கல்வெர்ட்டும் வரைந்து கொடுத்தவர். சாக்கட்டியைக் கூர்மையாகச் சீவிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். நடுக்கோடு போட்டார். தையலுக்கு விட வேண்டிய ஓரத்தை ஸ்கேல் வைத்து வரைந்தார். தான் இந்தத் திட்டத்துக்கு எதிரி என்பதை நடுநடுவே எனக்கு நினைவூட்டிக்கொண்டே வரைந்தார். அண்ணா ஸ்கேலின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்தான். இறுக்கிப் பிடிக்கச் சொல்லு என்றார் அப்பா. சொன்னேன். பிடித்தான்.

தைப்பது தனிக் கூத்து. அம்மாவின் கால்மிதி மெஷினில் ரெக்சின் நகர மறுத்தது. முகத்துக்குப் போடும் பவுடரைத் தாராளமாகத் தூவினேன், வழுக்கிக்கொண்டு ஓடியது. வீட்டிலேயே வாசனையான பொருள் அப்போது அந்த சீட் உறைதான். தைத்து முடித்தால் அடுத்த சிக்கல். ஃபோமுக்கு மேல் பாலிதீன் ஷீட்டைச் சுற்றி உறையை மாட்டினோம். முன்பக்கத்து வளைவில் அது உட்காரவே இல்லை. அந்த அமெரிக்கக்காரன், சூடான காற்று ஊதும் துப்பாக்கியால் ரெக்சினை இளக்கு என்று சுலபமாகச் சொல்லிவிட்டான். எங்கள் வீட்டில் சூடாக ஊதக்கூடிய ஒரே பொருள் புட்டுக்குடம். அதன் கழுத்திலிருந்து ஆவி எப்படி வரும் என்று உங்களுக்கே தெரியும். அம்மா கோவிலுக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்துக் குடத்தை அடுப்பில் ஏற்றி, சீட்டை ஆளுக்கொரு பக்கம் தூக்கி, அதன் மூக்கை ஆவியில் காட்டினோம். ரெக்சின் நமுத்த அப்பளம் மாதிரி இளகியது. இழு இழு என்று நான் கத்த, அண்ணா இழுக்க, கடன் வாங்கியிருந்த ஸ்டேப்ளர் மெஷினால் அப்பாவே டக் டக்கென்று துருப்பிடிக்காத பின்களை இறக்கினார். நடுவிலிருந்து இரண்டு பக்கமும் சமமாக. ஒரு சுருக்கம் இல்லை. அடுத்த நாள் புட்டில் லேசாக ஒரு ரெக்சின் கடை வாசனை இருந்தது.

சனிக்கிழமை காலை அம்மா ஒரு புதுச் சிக்கலைக் கொண்டு வந்தாள். புது வண்டி வாங்கினால் பழவங்காடிப் பிள்ளையாரிடம் கொண்டுபோய்ப் பூஜை போடாமல் யாராவது ஓட்டுவார்களா? வண்டி காயலில் கிடக்கிறது, தூக்கிக்கொண்டு வர முடியாது என்றான் அண்ணா.

"வண்டி வர முடியலைன்னா சீட் வரட்டுமே. உக்கார்றவாளுக்குத்தானே ஆபத்து?"

எங்கள் இருவர் படிப்பும் சேர்ந்து சீட்டை மறுபடி ஆட்டோவில் ஏற்றியது.

கோவில் முன்னால் மாலை போட்ட புது பைக்குகளும் ஒரு காரும் வரிசையாக நின்றன. அவற்றுக்கு நடுவில் எங்கள் சீட்டைத் தரையில் வைத்தோம். பூஜை போட வந்தவர் சீட்டைப் பார்த்தார், பிறகு அதற்குப் பின்னால் பார்த்தார்.

"வண்டி எவிடெ?"

"காயலில்," என்றாள் அம்மா, பக்கத்துத் தெருவில் நிறுத்தியிருப்பது போல.

அவர் சந்தனம் வைத்து, பூவைப் போட்டு, தேங்காயைச் சுற்றி உடைத்தார். மற்ற வண்டிகள் எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரத்தை ஏற்றி நசுக்கிவிட்டுக் கிளம்பின. சக்கரம் இல்லாத காரணத்துக்காகச் சடங்கை விடுகிற ஆள் அம்மா இல்லை. சீட்டுக்கு அடியில் நான்கு மூலையிலும் பழத்தை வைத்துவிட்டு, "ஏறி உக்காருடா," என்றாள். பழவங்காடி ஜங்ஷனில், பஸ்ஸில் போகிறவர்கள் எல்லாரும் தலையை வெளியே நீட்டிப் பார்க்க, அண்ணா நடுரோட்டில் சீட்டின் மேல் கால் பரப்பி உட்கார்ந்தான். பழம் நசுங்கவில்லை. நன்னா அழுத்தி உக்காரு என்றாள். எழும்பி எழும்பி உட்கார்ந்தான். கடைசியில் டக்கென்று ஒரு சத்தம் கேட்டது. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பழம் இவ்வளவு சத்தமாக வெடிக்குமா என்று எனக்கு ஒரு நொடி தோன்றியது. அதற்குள் ஆட்டோ வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் படகுத்துறைக்கு வந்தார். மகனைப் பார்க்க வரவில்லை, தையல் எப்படித் தாங்குகிறது என்று பார்க்க வந்தேன் என்று என்னிடம் தெளிவாகச் சொன்னார். மேனேஜர் இந்தத் தடவை முன்னெச்சரிக்கையாகக் கறுப்பு பேண்ட் போட்டிருந்தார். லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, தானே ஓட்டிப் பார்ப்பதாகச் சொல்லி ஏறினார். நேராகப் போனார். அழகாகப் போனார். கறுப்பும் சிவப்புமாக எங்கள் சீட் வெயிலில் மின்னியது. அண்ணா என் கையைப் பிடித்து நசுக்கிக்கொண்டிருந்தான்.

பிறகு மேனேஜர் இடதுபக்கம் திரும்பினார். வண்டியும் திரும்பியது. சீட் திரும்பவில்லை. மேனேஜரைச் சுமந்துகொண்டு அது தன் போக்கில் நேராகப் போய்த் தண்ணீரில் இறங்கியது. ஆளில்லாத வண்டி கொஞ்ச தூரம் போய் இன்ஜின் நின்று மிதந்தது. சீட்டும் மிதந்தது. மேனேஜர் இன்னும் அதன் மேல்தான் உட்கார்ந்திருந்தார், இடுப்பு வரை தண்ணீரில், இரண்டு கையையும் இல்லாத ஹாண்டில்பார் மேல் வைத்துக்கொண்டு.

படகுக்காரர்கள் அவரையும் சீட்டையும் கரையேற்றினார்கள். சீட்டைக் கவிழ்த்துப் பார்த்தோம். அடிப்பலகையை வண்டியோடு பூட்டும் முன்கொக்கி சுத்தமாக ஒடிந்திருந்தது. ஒடிந்த இடத்தில் ஒரு எலுமிச்சை விதை ஒட்டிக்கொண்டிருந்தது. நானும் அண்ணாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அம்மாவிடம் இதைச் சொல்வதில்லை என்று அந்த நிமிஷமே முடிவாயிற்று.

மேனேஜர் சொட்டச் சொட்ட நின்று மலையாளத்தில் பேச ஆரம்பித்தார். வண்டியை இன்றைக்கே எடுத்துக்கொண்டு போகச் சொல்கிறார் என்பது வரை புரிந்தது. அண்ணா தலையைக் குனிந்துகொண்டான். கோயம்புத்தூர் ரயில் ஸ்டேஷனுக்கு வந்து நிற்பது எனக்குக் கேட்கவே செய்தது. அப்போது அப்பா மண்டியிட்டு உட்கார்ந்து, பேனாக்கத்தியால் இரண்டு பின்களை நெம்பி, தான் அடித்த ஓரத்தைத் தானே பிரித்தார். பாலிதீனை விலக்கி, மேனேஜரின் ஈரமான கையைத் தன் வேட்டியில் துடைத்து, விரலைப் பிடித்து ஃபோமுக்குள் வைத்தார்.

"சார், உட்கார்றவா நனையப்படாதுன்னுதானே சொன்னேள்? பாருங்கோ."

அந்தத் துறையில் அந்த நேரத்தில் காய்ந்திருந்த ஒரே பொருள் அந்த ஃபோம்தான். மேனேஜர் அழுத்திப் பார்த்தார். இன்னொரு இடத்தில் அழுத்தினார். மூக்கைக் கிட்டத்தில் கொண்டுபோய் முகர்ந்துகூடப் பார்த்தார், பவுடர் வாசனை வந்திருக்க வேண்டும். வேண்டா வெறுப்பாக, "சீட் கொள்ளாம்," என்றார், நன்றாகத்தான் இருக்கிறது என்று அர்த்தம். கொக்கியைச் சரிசெய்துகொண்டு வா, ஓணம் முடிகிற வரை ஓட்டு, ஆனால் நான் இனி ஏற மாட்டேன் என்று முடித்தார்.

"ஸ்டீல் பட்டை வெச்சு போல்ட் போடணும்டா," என்று அப்பா அண்ணாவிடம் சொன்னார். "நான் வரைஞ்சு தரேன்."

திரும்பி வரும் வழியில் அப்பா ஒரு எஸ்.டி.டி. பூத்தில் நின்றார். கதவு சரியாகச் சாத்தவில்லை. நாங்கள் வெளியே சீட்டைப் பிடித்துக்கொண்டு கேட்டோம். பையன் வரவில்லை, இங்கேயே வேலை ஆகிவிட்டது என்று கோயம்புத்தூர் மாமாவிடம் சொன்னார். என்ன வேலை என்று அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"வாட்டர் டிரான்ஸ்போர்ட்."

அது கவர்ன்மென்டா என்று மாமா கேட்டார் போலிருக்கிறது. அப்பா கண்ணாடி வழியாக எங்களையும் சீட்டையும் ஒரு தடவை பார்த்தார்.

"இப்போதைக்கு பிரைவேட்," என்றார்.