பொட்டு வைத்த பாட்டில்கள்

அறுபதுகளின் தொடக்கத்தில் கோவையில் ஒரு பெண்கள் கல்லூரியின் வேதியியல் ஆய்வுக்கூடத்தில் நான் டெமான்ஸ்ட்ரேட்டர். எங்கள் துறைத்தலைவருக்குப் பாடத்தைவிடப் பூஜையில்தான் அக்கறை. ஆயுத பூஜைக்கு முதல் நாள், நான் லீவில் இருந்த நேரம் பார்த்து மாணவிகளை அழைத்து, "எல்லா பாட்டிலையும் பளிச்சுனு கழுவிப்போடுங்க கண்ணு" என்று சொல்லிவிட்டார். அந்தத் தங்கங்களும் வாளித் தண்ணீரில் ஊறவைத்துத் தேங்காய் நாரால் தேய்த்துவிட்டார்கள். அழுக்கோடு லேபிளும் போயிற்று. லேபிள் இருந்த இடத்தில் சந்தனம், குங்குமம்.

பூஜை விடுமுறை முடிந்து வந்து பார்த்தேன். அலமாரி நிறையச் சுமங்கலிகள். எதில் உப்பு, எதில் பாஷாணம், எதில் பாதரச உப்பு என்று ஒருவருக்கும் தெரியாது. எனக்கு வந்த கோபத்துக்கு அடுப்பே வேண்டாம்.

தலைவர் அசரவில்லை. "பின்னால ஒரு குழி வெட்டி மொத்தமா ஊத்திப்போடலாமுங்க அம்மணி."

"பின்னால ஹாஸ்டல் கெணறு இருக்குதுங்க சார். புள்ளைங்க குடிக்கிற தண்ணிங்க!"

"மண்ணு எல்லாத்தையும் வடிகட்டிப்போடுமுங்க. ஒண்ணும் ஆகாது."

வேதியியலில் பெரிய படிப்புப் படித்த மனுஷர் பேசுகிற பேச்சா இது! அந்தக் கிணற்றுத் தண்ணீரில்தான் ஹாஸ்டலில் சோறு வேகிறது. ரசம் கொதிக்கிறது. கடப்பாரையோடு வந்த தோட்டக்காரரைத் திருப்பி அனுப்பினேன். "குழி வெட்டுனா நானும் அதுல எறங்கி நின்னுக்குவேனுங்க சார். எம்மேலயே ஊத்துங்க" என்றேன்.

மனுஷர் மிரண்டுபோனார். கடைசியில், என்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சோதித்துக் கண்டுபிடித்து, புது லேபிள் ஒட்டித் தனித்தனியாக வைப்பது என்று முடிவாயிற்று. மாணவிகளை அண்டவிடவில்லை. ஜன்னல்களைத் திறந்துவைத்துக்கொண்டு நானும் அவரும்தான் உட்கார்ந்தோம். நான் பாஷாணத்தைப் பிடித்துத் தனியே பூட்டிவைத்தபோதும், அவர் காலையில் எடுத்த அதே பாட்டிலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கொதிக்கவைத்தார், அமிலம் விட்டார், காரம் விட்டார். எதற்கும் அது அசைந்துகொடுக்கவில்லை. சாயங்காலம்தான் நெற்றியைத் துடைத்துக்கொண்டு வாயைத் திறந்தார்.

"இது வெறும் வாலைத்தண்ணி, காய்ச்சி வடிச்ச தண்ணி போல இருக்குதுங்க அம்மணி."

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டு கேட்டேன். "தண்ணிதானுங்களே சார்? கெணத்துலயே ஊத்திப்போடட்டுங்களா?"

அவர் பாட்டிலை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார்.

"அய்யோ, வேண்டாமுங்க! புள்ளைங்க குடிக்கிற தண்ணிங்க."